மடியில் வைத்துப் போன பெல்ட்

நசரத்பேட்டை தாண்டியிருக்கும் தீம் பார்க்கில், முதுகுவலிக்காரனான என்னைப் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டு வீட்டார் ரைடு ஏறப் போய்விட்டார்கள். பெஞ்சில் இன்னொரு காவல்காரர். அவர் தொப்பையிலும் என்னுடையதைப் போலவே இடுப்பு பெல்ட். தலைக்கு மேல் ரோலர் கோஸ்டர் சரியும்போதெல்லாம் அதைப் பர்ரென்று பிரிப்பார், மறுபடி ஒட்டுவார்.

“டிஸ்க்கா?” என்றார்.

“ஆமாங்க. குனியக்கூட முடியல.”

“எனக்கும் அதேதான். எத்தினி தபாதான் பைக்குக் காவலா குந்திகினு கீறது?” என்றவர், பெல்ட்டைக் கழற்றி என் மடியில் வைத்தார். “பாத்துக்க அண்ணாத்தே.”

ரோலர் கோஸ்டர் வரிசைக்கு விந்தி விந்திப் போனார். தடுக்க எழப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

சற்று நேரத்தில் அவர் மனைவி வந்தார். மடியிலிருந்த பெல்ட்டைப் பார்த்துப் பதறினார். “எங்க ஊட்டுக்காரர் எங்கங்க?”

மேலே கை காட்டினேன். அங்கே கேட்ட அலறல் வலியா, குதூகலமா, தெரியவில்லை. என் விரல்கள் என் பெல்ட்டைப் பர்ரென்று பிரித்தன.