டாஸ் கேட்ட கேள்வி

போன வாரம் என் லேப்டாப்பில் ஒரு பழைய நண்பனைக் குடிவைத்தேன். பெயர் டாஸ்.

சின்னவர்களுக்காகச் சொல்கிறேன்... மவுஸ் வருவதற்கு முன்னால், கறுப்புத் திரையில் கட்டளைகளை டைப் அடித்துத்தான் கம்ப்யூட்டரிடம் வேலை வாங்கினோம். திரையைத் துடைக்க சிஎல்எஸ், ஃபைலை அழிக்க டெல். தில்லி லோதி ரோடு ஆபீசில் என் விரல்கள் தொழில் பழகியது அதில்தான்.

பெங்களூருவில் இருக்கும் மகள் என் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தாள். நல்ல சரக்குதான். ஆனால் சிஎல்எஸ் என்றால், 'அப்படியொரு கட்டளையே இல்லை' என்கிறது. என்ன திமிர்!

விடுவேனா? லினக்ஸ் கட்டளைகளுக்கெல்லாம் என் பழைய பெயர்களைச் சூட்டினேன். திரை ஓரத்தில், டாஸில் எப்போதும் நிற்கும் அந்த 'சி' டிரைவ் அடையாளம்கூட வந்துவிட்டது — சி டிரைவே இல்லாத மெஷினில்!

மனைவி கல்யாணி எட்டிப் பார்த்தாள். தில்லிக்கு வந்து முப்பது வருஷமாகியும் திருநெல்வேலி பேச்சு மாறாதவள்.

"புது மெஷினைப் பழசாக்கியாச்சா? பஹுத் அச்சா. என் ஃபைலுல கைய வச்சிராதிய."

வெள்ளிக்கிழமை காலை. பழைய குப்பைகளை ஒழிக்கலாமென்று, 'எல்லாவற்றையும் டெல்' என்று அடித்து என்டரைத் தட்டினேன். டாஸில் என் வழக்கம் அது: முதலில் என்டர், அப்புறம் யோசனை. டாஸ் உடனே அழிக்காது. 'எல்லா ஃபைலும் போய்விடும். நிச்சயமா?' என்று கேட்டுவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்வரை நிற்கும். எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்றே அப்போதுதான் பார்ப்பேன்.

கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

லினக்ஸ் சொன்ன வேலையை முடித்துவிட்டுக் கம்மென்று இருந்தது. பெயரைத்தானே மாற்றினேன், குணத்தை மாற்றவில்லையே!

காலியானது கல்யாணியின் ஃபோல்டர். அன்று மாதக் கடைசி. பணி ஓய்வு பெறும் அவளுக்கு மாலையில் ஆபீசில் பிரிவுபசாரம். அங்கே பேசுவதற்காக ஒரு மாதமாக உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதிய இந்தி உரை... அதில்தான் இருந்தது.

அடுப்படி வாசலில் போய் நின்றேன். "கல்யாணி... உன் உரை..."

"என்ன பண்ணித் தொலைச்சிய?"

சொன்னேன். கரண்டி நின்றது. என்னையே பார்த்தாள். பிறகு, சாம்பாரைக் கிண்டத் தொடங்கினாள்.

"பக்கத்து ஃப்ளாட் சர்மாஜி வீட்டம்மாவுக்கு நேத்தே வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன்லா. கா, கீ சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லி."

அப்பாடா! தில்லித் தமிழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இந்தியில் ஆண்பாலுக்கு 'கா', பெண்பாலுக்கு 'கீ'; எத்தனை வருஷம் ஆனாலும் மேஜை ஆணா, நாற்காலி பெண்ணா என்ற சந்தேகம் தீராது. எழுதியதை இந்திக்காரர் ஒருவரிடம் காட்டாமல் வெளியே விடமாட்டோம். அந்தச் சந்தேகம் வாழ்க!

மதியமே உட்கார்ந்து, டெல் அடித்தால் 'நிச்சயமா?' என்று கேட்கும்படி லினக்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போதுதான் அது முழு டாஸ்.

மாலையில், எனக்குப் பிடித்த பச்சைக் கட்டம் போட்ட சட்டையோடு ஹாலுக்கு வந்தேன். கல்யாணி பட்டுப்புடவையில், கையில் உரையோடு தயாராக நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தச் சட்டையிலயா வாறிய? நிச்சயமா?"

போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.