தொற்று வந்த வழி

"மூஞ்சியக் காட்டாதீங்க, கையக் காட்டுங்க." தலைமை மருத்துவரே வந்து நின்றாலும், தீக்காய வார்டு வாசலில் மிளகாய் சிஸ்டரின் முதல் பேச்சு இதுதான். விரலிடுக்கில் ஈரம் இல்லையென்றால் குழாயடிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். மோதிரத்தோடு வந்தவர் தொலைந்தார். "சோப்பு போட்டேன் சிஸ்டர்" என்று யாராவது வாய் திறந்தால், "போடல, பாத்துட்டு வந்திருக்கீங்க" என்பார்.

ஐம்பத்திரண்டு வயது, குட்டை உருவம். முடியைத் தொப்பிக்குள் இழுத்துத் திணித்ததில் புருவம் எப்போதும் மேலேறியே இருக்கும். பார்ப்பவர்கள் கோபம் என்று நினைப்பார்கள். கோபமும்தான். பதினான்கு கட்டிலுக்கு ஒரே நர்ஸ். இன்னும் இரண்டு பேர் வேண்டுமென்று எழுதி எழுதிச் சலித்துவிட்டார். கையுறைப் பெட்டி திங்கட்கிழமை வரும், புதன்கிழமை காலி. "தோலு போன உடம்புய்யா இது, கதவில்லாத வீடு. எந்தக் கிருமி வேணா உள்ள போவும்" என்று தொண்டை கிழியக் கத்தியும் மேலிடத்துக் காதில் ஏறவில்லை.

இரண்டாம் கட்டில் பெரியவரின் புண்ணில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி ஒன்று இருந்தது. பரிசோதனைத் தாளில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்க, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கேட்காது'. கடைசி ஒன்று மட்டும் கேட்கும், அதுவும் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். போன வாரம் ஆறாம் கட்டில் பெண்ணுக்கும் அதே வரிசையோடு, அதே மாதிரித் தாள் வந்தது. அடுப்பு வெடித்து வந்தவள் அவள். வயது இருபத்துமூன்று. அவளுடைய கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அம்மா வெளியே காத்திருக்கிறார். இந்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்று சிஸ்டர்தான் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அந்தக் கடைசி மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பிழைப்பாளா என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை.

தாளைப் பார்த்த மாத்திரத்தில் சிஸ்டருக்குச் சில நாள் முன்பு நடந்தது நினைவுக்கு வந்தது. அன்று பெரியவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, "அக்கா, உயிர் போவுது" என்று அந்தப் பெண் அலறினாள். ஓடிப்போய் நழுவிய கட்டைச் சரிசெய்தார், அதே கையுறையோடு. பெட்டி அன்றும் காலிதான். கழற்றி எறிந்துவிட்டுக் கை கழுவியிருக்கலாம் என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

இதற்கெல்லாம் ஒரு படிவம் உண்டு. அதில் 'தொற்று வந்த வழி' என்றொரு கட்டம். எல்லோரும் 'தெரியவில்லை' என்றே எழுதுவதால், எழுத்தர் அந்தச் சொல்லையும் சேர்த்தே நகலெடுத்து அடுக்கிவிட்டார். கையெழுத்து போட்டால் போதும். என்ன சமத்து பாருங்கள்.

சிஸ்டர் அந்தத் 'தெரியவில்லை'யைத் தாள் கிழியுமளவுக்கு அழுத்தி அடித்தார். மேலே 'என் கை' என்று எழுதினார். அடியில், 'பதினான்கு கட்டில், ஒரு நர்ஸ், கையுறை இல்லை' என்று சேர்த்தார்.

படிவத்தைப் பார்த்த தலைமை மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "வேற ஃபாரம் எடுங்க சிஸ்டர். வேலை போயிடும். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"என்னையும்ல கேப்பாங்க?"

"கேக்கட்டும். இத்தன வருசமா கேக்காததாலதான் அந்தப் புள்ள இப்படிக் கெடக்கு."

சிஸ்டர் படிவத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நீட்டினார்.

"எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதும்மா. என்ன போட்டிருக்கு?"

சிஸ்டர் அவர் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். தான் எழுதியதில் முதல் இரண்டு சொற்களுக்கு அடியில் விரலை வைத்து, உரக்கப் படித்தார்.