எனக்குக் கை வரைய வராது

மூஞ்சி வரையச் சொல்லு, அச்சு அசலா வெச்சுடுவேன். கைன்னு வந்தா பேஜாரு. விரல் முருங்கக்கா மாதிரி நீண்டுகினு போவும், இல்லேன்னா முறுக்கிக்கும். யாரும் சொல்லித் தரல. திருவொத்தியூர் கண்டெய்னர் யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிட்டு வந்து, வூட்ல பெட்டி அட்டையில நானா கிறுக்கிப் பழகினது.

அப்புடித்தான் என் சம்சாரத்தை வரைஞ்சேன். காசிமேட்டுல எறா உரிச்சுட்டு வந்து அக்கடான்னு உக்காந்துகினு இருந்தா. எங்க தெருவுக்குப் போட்டோ புடிக்க வந்த ஒரு மேடம் அதைப் பாத்து அசந்துட்டாங்க. பெரிய கேலரி நடத்துறவங்க. கண்காட்சியில வெக்கிறேன்னாங்க. எனக்குக் கால் தரையில பாவல.

கை சரியா வரல மேடம், கொஞ்சம் டைம் குடுங்க, கத்துகினு மாத்தித் தரேன்னேன். சாயங்கால ஓவிய வகுப்பு ஒண்ணு கீது, நீங்க சொன்னா சேத்துக்குவாங்கன்னும் கேட்டேன். பதறிட்டாங்க.

"தயவு செஞ்சு கத்துக்காதீங்க. படிச்சா கெட்டுப் போயிடுவீங்க."

அவங்க ஃபாரின்ல படிச்சவங்க. நீங்க கெட்டா போயிட்டீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. படத்தைத் தூக்கிக் குடுத்துட்டேன்.

கண்காட்சி திறப்பு விழாவுக்கு என் சம்சாரம் கல்யாணப் பட்டு கட்டிகினு வந்தா. படத்துக்குக் கீழ இங்கிலீஷ்ல எழுதி இருந்துச்சு. இன்னா போட்டுகீதுன்னு ஒரு பையனைக் கேட்டேன். உழைப்பு முறுக்கிப் போட்ட விரலாம், வடசென்னையோட வலியாம். அடப்பாவிங்களா, எனக்கு வரையத் தெரியலைய்யா! படத்துல இருக்கறது இவதான்னு தெரிஞ்சதும் ஒரு அம்மா அவ கையைப் புடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. விரல் நேராத்தான் இருந்துச்சு. அந்தம்மாவுக்குச் சப்புனு போச்சு. இவ கையை இழுத்து முந்தானைக்குள்ள வெச்சுகினா.

திரும்பி வர பஸ்ல அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"என் கை அப்புடியா கீது உனக்கு?"

அன்னிலேர்ந்து செல்லுல வீடியோ பாத்துப் பாத்து, மாசக்கணக்கா கையா போட்டுத் தள்ளினேன். ஒருநாள் வந்துடுச்சு. நகம், எறா முள்ளு குத்தின தழும்பு, எல்லாம் அவளோடது. அவகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, அதைத்தான் கேலரி சொவுத்துல மாட்டணும்னு சொன்னா.

சந்தோஷமா கேலரிக்குத் தூக்கிகினு போனேன். வகுப்புக்குப் போனீங்களான்னாங்க மேடம், திருடிட்டு வந்தவனைக் கேக்கற மாதிரி. இந்தக் கையை யார் வேணா வரையலாம், உங்க பழைய கைதான் வேணும்னாங்க. பழசைக் கழட்டிட்டு இதை மாட்டுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். அது வித்துப் போச்சு, கண்காட்சிப் புஸ்தகத்துலயும் வந்துடுச்சுன்னு எனக்கு ஒண்ணு குடுத்து அனுப்பிட்டாங்க.

புதுப் படத்தை எங்க வூட்டு சொவுத்துல மாட்டிட்டேன். அதுக்குக் கீழ உக்காந்துகினு சொந்தக்காரங்க அந்தப் புஸ்தகத்தைப் புரட்டிட்டு, அவளை, கையை நீட்டு பாக்கலாங்கறாங்க.