மருந்துச் சேலையோடு ஒரு கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று கேட்டால் விளக்கிச் சொல்லக்கூடிய ஆள் நான் இல்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. நாங்கள் கும்பிடுகிற சாமியும் வேறு. ஆனாலும் டிசம்பர் பிறந்து, தெருவில் ஒரு வீட்டு வாசலில் காகித நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால் போதும், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் வருமே ஒரு புகை வாசனை, அது எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் புஸ்வாணம் அடைக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றாலே முதலில் வெடிமருந்துதான். ஆஸ்பத்திரியில் கொடுப்பதை மாத்திரை, டானிக், ஊசி என்று தனித்தனியாகச் சொல்லிக்கொள்வோம். எங்கள் தெருவில் இருந்த நர்ஸக்காவுக்கு அதில் ஒரு சிரிப்பு. நீயும் மருந்துக்காரி, நானும் மருந்துக்காரி என்று என்னைக் கண்டால் சொல்வார்.

அவர் வீட்டுப் பிள்ளையோடு என் மகளும் சாயங்காலம் சர்ச்சில் நடக்கும் டியூசனுக்குப் போவாள். மூன்றாம் வகுப்பு படித்தாள். அந்த வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்குத் தேவதூதன் வேடம் கொடுத்திருந்தார்கள். மேய்ப்பர்கள் முன்னால் வந்து நின்று, "பயப்படாதீர்கள்" என்று சொல்ல வேண்டும். ஒரே சொல்தான். அதற்கே அவளுக்கு உதறல் எடுத்துவிடும். கூச்சத்தில் அப்படியே என்னைக் கொண்ட பிள்ளை. ஒத்திகையில் ஒரு தடவைகூட அவள் வாய் திறக்கவில்லை. வேறு பிள்ளையைப் போட்டுவிடலாமா என்று பேச்சு வந்தபோது வீட்டில் வந்து அழுதாள். கடைசியில், நான் முன்னால் உட்கார்ந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நாடகம் நடக்கிற அன்றைக்கென்று பார்த்துக் கம்பெனியில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. வழக்கமாகக் கைகால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டுதான் வேனில் ஏறுவோம். தண்ணீர் வரும் வரும் என்று காத்திருந்ததில் வேனும் தாமதம். கழுவாமல் சேலையை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று அப்படியே ஏறிவிட்டோம். வீட்டுக்குப் போய்க் குளித்து வந்தால் நாடகம் முடிந்துவிடும். சர்ச் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டேன்.

வாசல் வரைக்கும் ஓடினேன். உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏந்தியிருந்தார்கள். வைக்கோல் குடில் மேல் அந்த வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. அத்தனை அழகாக ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்த அந்த நொடியே கால் நின்றுவிட்டது. என் தலை, புருவம், சேலை முழுக்க அலுமினியப் பொடியும் மருந்தும். ஒரு பொறி பட்டால் என்னோடு போகாது.

விலகிப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். சன்னல் வழியாக மகள் தெரிந்தாள். ஜிகினாத்தாள் ஒட்டிய சிறகோடு ஓரமாக நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸக்கா என்னைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார். கையில் எரிகிற மெழுகுவர்த்தி.

"என்னத்தா, பிள்ள ஒன்னத் தேடிக்கிட்டு நிக்கி. இங்கன என்ன செய்ற?"

"கிட்ட வராதீக அக்கா. மருந்துச் சேல."

அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு அவர் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். தீப்பட்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்ட கை அவருடையது. சன்னல் வழியாகப் பார்த்துக்கொள் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் உள்ளே திரும்பினார். எல்லா மெழுகுவர்த்தியையும் அணைக்கச் சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் இதற்காக எம்புட்டு நாளாக ஆசையாக இருந்தார்கள், வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"மெழுகுத்திரி அடுத்த வருசமும் எரியும். ஒம்மக இன்னைக்குத்தான பேசப் போறா" என்றார்.

உள்ளே போய்ப் போதகரின் காதில் ஏதோ சொன்னார். போதகர் எதையும் அறிவிக்கவில்லை. தன் கையில் இருந்ததை முதலில் ஊதினார். அடுத்து முன்வரிசை, அதற்கடுத்த வரிசை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்ற என் கோலத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் வீடுகளிலும் வேன் ஏறிப் போகிறவர்கள் உண்டு. ஒரு பெரியவர் எல்லா மெழுகுவர்த்திகளையும் தண்ணீர் வாளியில் போட்டார். ஒவ்வொரு திரியையும் கையால் நசுக்கிப் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டின் அந்தக் கோடிக்குப் போனார். திரும்பி வந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

டியூப்லைட் எரிந்தது. குடில் வெறும் அட்டையும் வைக்கோலுமாகத் தெரிந்தது. மேய்ப்பர் வேடம் போட்ட ஒரு பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. நான் உள்ளே போய் முன்பெஞ்சின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்தேன். நர்ஸக்கா, பண்டிகைக்கு உடுத்தியிருந்த வெள்ளைப் பட்டோடு, என்னை ஒட்டியே உட்கார்ந்தார். அவர் தோளில் சாம்பல் நிறம் அப்பியது. நான் நகர்ந்தேன். அவரும் நகர்ந்து வந்தார்.

மகள் நடுவில் வந்து நின்றாள். என் முகத்தைத் தேடிப் பிடித்தாள். அப்புறம்,

"பயப்படாதீக."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "தேவதூதனும் நம்ம ஊருக்காரன்தான் போல" என்றார். சர்ச்சே சிரித்தது. தான் நன்றாகச் சொல்லிவிட்டதாக நினைத்த மகள், இன்னும் சத்தமாக மறுபடியும் "பயப்படாதீக" என்றாள். மேய்ப்பர்கள் எழுந்து நடந்தார்கள்.

அந்த நாடகத்தில், பிள்ளைத்தாய்ச்சிக்குச் சத்திரத்தில் இடமில்லை என்று கதவைச் சாத்துகிற காட்சியும் உண்டாம். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் பார்த்தது, ஒருத்திக்கு இடம் வேண்டும் என்று இருந்த வெளிச்சத்தை எல்லாம் அணைத்துவிட்டவர்களை. வேறு யார் வந்து என்ன விளக்கம் சொன்னாலும் எனக்குக் கிறிஸ்துமஸ் அதுதான்.

வீட்டுக்கு வருகிற வழியில் மகள் நர்ஸக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் தள்ளியே வந்தேன். என் தலையில் மினுங்கிய பொடியைத் திரும்பிப் பார்த்து, "நீயும் வேசம் போட்டியாம்மா?" என்று கேட்டாள். நர்ஸக்கா அடக்க முடியாமல் சிரித்தார். வீட்டில் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்து, வேறு சேலை கட்டிய பிறகுதான் அவளைச் சிறகோடு தூக்கினேன்.