உயிரோடு இருப்பவர்கள் இல்லாத பட்டியல்

ஒவ்வொரு காலையும் கோப்பி குடித்து முடிந்ததும், நான் ஒருநாளும் கண்டிராத ஓர் ஆங்கிலேய ஊரின் புகழ்பெற்ற மனிதர்களின் பட்டியலை உரத்து வாசிக்கிறேன். ஓர் ஆயர், மணிக்கூடு செய்த ஒருவர், ஒரு கிரிக்கெட் வீரர், கடலில் மறைந்த ஒரு கப்டன். பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நாலாம் மாடியில் இது நடக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் நான் வீட்டோடு இருந்து பராமரிக்கும் அம்மா, என் சிஞ்ஞோரா. அந்த ஊரில் பிறந்தவர், எண்பத்தாறு வயது. சிசிலிக்காரரைக் கலியாணம் செய்து இங்கே வந்து, ஓபரா மேடையில் பாடி, கணவரை இழந்து, இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவர் தெருவில் இறங்கி இரண்டு வருடமாகிறது. கண்ணும் மங்கிவிட்டதால், அவருடைய ஊர் நூலகம் அனுப்பிய பட்டியலை என் மன்னார்ப் பள்ளிக்கூட இங்கிலிஷில் நான்தான் வாசிக்க வேண்டும்.

அவர் தன் ஊரைச் சிற்றி என்று சொன்னபோது கொழும்பு மாதிரி ஓர் இடத்தை நினைத்தேன். "அரை மணித்தியாலத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் எங்களுக்கு ஆயரின் கதீட்ரல் இருக்கிறது, அது இருந்தால் சிற்றிதான்" என்றார்.

"அப்படியென்றால் மன்னாரும் சிற்றிதான், சிஞ்ஞோரா. எங்களுக்கும் ஆயர் இருக்கிறார்."

"உங்கள் புகழ்பெற்றவர்கள் யார்?"

எனக்கு மரியம்மா அக்கா நினைவுக்கு வந்தார். போரில் இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே கிடந்த நாட்களில், ஒரு தறப்பாளை மறைப்பாகக் கட்டிப் பிள்ளைகளைப் பிறக்கவைத்த மருத்துவிச்சி. என் தம்பியும் அவருடைய கையில்தான் பிறந்தான். இத்தாலியனில் இதைச் சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை.

போன வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போவன்" என்றார் அண்ணா. "மாற்றாள் கிடைச்சதும் வாறன்" என்றேன். சிஞ்ஞோராவின் மகன் மிலானோவில் இருக்கிறார். அவர் மாற்றாள் தேடவில்லை. சொல்லாமல் போனால் வேலை போய்விடும், வேலை போனால் இங்கே தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அம்மாவின் அடக்கத்தைக் குசினியில் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கழிவறைக்குப் போகவேண்டுமென்று சிஞ்ஞோரா கூப்பிட்டார். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டியை இறக்கிவிட்டிருந்தார்கள். பல வாரங்கள் சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தன் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர் என்னைக் கொண்டு நூலகத்துக்குக் கடிதம் எழுதுவித்தார். மரியாதையான பதில் வந்தது: உயிரோடு இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு வாசித்தேன். முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது.

"செத்தால்தான் ஊருக்குப் போகலாம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "நீயும் இங்கே அகப்பட்டுத்தானே இருக்கிறாய்?"

நாலு வருடத்தில் அவர் இதைக் கேட்டது அன்றுதான். "ஓம்" என்றேன், தமிழில். அவருக்கு விளங்கியது. அம்மாவின் அடக்கத்தை அவருக்குச் சொன்னேன். "அப்போது நான் உன்னைக் கூப்பிட்டேனா?" என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அன்று பின்னேரமே மகனை ஃபோனில் அழைத்து இத்தாலியனில் கத்தினார். பார்க்கலாம் என்றாராம் மகன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. பல்லரோச் சந்தைக்குப் போனேன். ஆங்கிலேயச் சிஞ்ஞோராவுக்கென்று முள்ளில்லாத மீன் கேட்டுக் கேட்டு மீன்காரருக்கு என்னைப் பழக்கம். சனத்துக்கு மேலாக, "இங்லேசே!" என்று கூப்பிட்டார். ஆங்கிலேயப் பெண்ணே என்று. பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி யாரையென்று சுற்றிப் பார்த்தாள்.

நான் திரும்பி, "வாறன்" என்றேன்.