நாலுகட்டம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் நாலுகட்டம். கைப்பேசித் திரையில் எந்தப் படம் எங்கே தெரிய வேண்டும் என்று அமைப்பது அவர் வேலை. அவர் அமைத்ததில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். அதனால் தயங்காமல் சொல்கிறேன், அந்த மனிதருக்கு நாலுக்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இவர் பிடித்தது எதுவானாலும் நாலு. மேலே இரண்டு, கீழே இரண்டு. பதினோரு வருடமாக இதே கட்டம்தான். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் நாலு படச்சட்டம். அவர், மனைவி, மகள்; நாலாவதில், கடைக்காரன் சட்டத்தோடு சேர்த்துக் கொடுத்த யாரோ ஒரு குழந்தை பல்லில்லாமல் சிரிக்கிறது. "யாரு சார் இது?" என்றேன். "காலியா விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் முதலாளி அந்தச் செயலியைக் கொடுத்தார். வீட்டிலிருந்தே பொருள் செய்து விற்பவர்களுக்கானது. ஆளுக்கு ஒரு பக்கம். ஒரு பொருளுக்கு ஒரே படம். விற்றதும் அது போய்விடும். ஆக, எத்தனை படமோ அத்தனை பொருள். ஒருவரிடம் ஒன்று இருக்கும், இன்னொருவரிடம் ஏழு இருக்கும். எண்ணிப் பார்த்து, ஒன்றானால் அகலமாக, இரண்டானால் பக்கம் பக்கமாக, ஏழானால் வரிசை வரிசையாக அடுக்குவது என்ன பெரிய வித்தையா? இவர் வழக்கம்போல நாலு கட்டம் போட்டார். ஏழு வைத்திருந்தவருக்கு மூன்று காணாமல் போயின. ஒன்று வைத்திருந்தவளுக்குப் பக்கத்தில் மூன்று வெற்றுக் கட்டங்கள் இளித்துக்கொண்டு நின்றன.

அந்த ஒன்று வைத்திருந்தவள் என் அக்கா. தொழிற்சாலை வேலையை விட்டு, தச்சு வேலை கற்று, இரண்டு மாதம் இழைத்து இழைத்து ஓர் ஆடும் நாற்காலி செய்திருந்தாள். அது விற்றால் இதுதான் தொழில். விற்காவிட்டால் மாதக் கடைசியில் தொழிற்சாலைக்கே திரும்புவதாக அத்தானிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். வெற்றுக் கட்டங்களைப் பார்த்து ஒருவரும் கூப்பிடவில்லை.

ஒன்பது முறை குறை எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. பத்தாவது முறை முதலாளி காதில் போட்டேன். மறுநாள் மதியம், "திருத்தியாச்சும்மா, இனிமே ஒரு கட்டமும் காலியா இருக்காது" என்று நாலுகட்டம் வந்து நின்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

அதே வாரம் அக்காவுக்கு முதல் அழைப்பு. விடுதி நடத்தும் அம்மாள் ஒருவர். "படத்துல இருக்கறது எல்லாமே எனக்கு வேணும்" என்றாராம். "தாராளமா வாங்க" என்றாளாம் அக்கா. அவர் வரும் நாளன்று நான் விடுப்புப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன். வண்டியும் இரண்டு ஆட்களுமாக அம்மாள் வந்து இறங்கினார். நாற்காலியைச் சுற்றி வந்தார், தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. மத்த மூணு எங்க?"

"எந்த மூணு?"

அவர் கைப்பேசியை நீட்டினார். நாலு கட்டத்திலும் அதே நாற்காலி. மனிதர் எண்ணி அடுக்கவில்லை. இருந்த ஒரே படத்தை நாலு தடவை ஒட்டி நிரப்பியிருக்கிறார்! அடப்பாவி மனுஷா!

"ஒண்ணுதாங்க இருக்கு. மத்ததைச் செஞ்சு தரேன், கொஞ்சம் டைம் குடுங்க" என்று அக்கா கெஞ்சினாள்.

"ஒண்ணை வச்சிக்கிட்டு நாலுன்னு காட்டுறியே, உன்னை நம்பி இன்னொரு தடவை வண்டி எடுக்கணுமா?"

அந்த ஒன்றையும் வாங்காமல் போனார். போன கையோடு செயலியில் புகார் எழுதினார். எங்கள் அலுவலகம் ஒரு வார்த்தை கேட்காமல் அக்காவின் பக்கத்தை நீக்கியது.

மறுநாள் நாலுகட்டத்தின் முன்னால் போய் நின்றேன். "உங்க அக்கா நாலா செஞ்சிருக்கலாமேம்மா?" என்றார். அவர் மேசையில் இருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றாமல் வந்தது என் பொறுமை.

சாயங்காலம் அக்கா கேட்டாள். "ஏன்டி, இப்படி ஒண்ணை வெளிய விடறதுக்கு முன்னாடி யாருமே பாக்க மாட்டாங்களா?"

பார்ப்பார்கள். அவர் திருத்திக் கொண்டுவந்த அன்று மதியம் எனக்குப் பசி. வெற்றுக் கட்டம் போயிற்றா என்று மட்டும் பார்த்தேன், போயிருந்தது. 'சரி' என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

"நான்தான்க்கா பாத்தேன்" என்றேன்.

அக்கா தொழிற்சாலைச் சீருடையை எடுத்து உதறி, இஸ்திரி போட ஆரம்பித்தாள்.