தோட்டம் இல்லாத பள்ளியில் தோட்ட வேலை

எங்கள் பள்ளிக்கூடத்தில் தோட்டம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லாரும், "ஒரு செடிகூடவா இல்லை?" என்று கேட்கிறார்கள். ஒரு செடிகூட இல்லை. கல்மண்டபத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். அதன் பின்னால் கொஞ்சம் மணல். மணலில், வேலி போடுவதற்காக நட்டு, கடைசிவரை வேலி போடாமலே விட்டுவிட்ட சில மரக் கம்பங்கள். உப்புக் காற்றில் அங்கே புல்கூட வராது.

அங்கேதான் தோட்ட வேலை நடந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள் பெருகப் பெருக, வகுப்புகளில் பிள்ளைகள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இருந்த நான்கு பள்ளிகள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. என்னைப் போல் பள்ளிப் படிப்பு மட்டும் முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்களைத் தாங்களே சேர்ந்து பழக்கிக்கொள்வது என்று முடிவு. மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவோம். எங்களில் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்போம். பிறகு நான்கு தலைமையாசிரியர்களும் அந்தப் பாடத்தைப் பிரித்து மேய்வார்கள். விமர்சனப் பாடம் என்று அதற்குப் பெயர். அதில் தேறினால் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் ஜூன் மாதம் வீட்டைப் பார்த்துப் போகவேண்டியதுதான்.

நல்ல யோசனைதான். நல்ல யோசனையைக் கெடுத்தார்களே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

என் முறை வருவதற்கு முன் மற்றப் பள்ளிகளில் சில பாடங்களைப் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு வாடிப்போய் வீட்டுக்கு வருவேன். அந்தப் பிள்ளைகள் அவ்வளவு கெட்டிக்காரர்கள்! ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் எல்லாக் கைகளும் மேலே போகும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, வெளுத்த உடை, தெளிவான பேச்சு. என் மூன்றாம் வகுப்பை நினைத்துக்கொள்வேன். மீன் காயவைப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், கப்பல் பட்டறையில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பார்கள். என் அப்பா துறைமுகத்தில் பளுதூக்கும் கிரேன் ஓட்டியவர். அந்தப் பிள்ளைகளின் பேச்சுதான் என் வீட்டுப் பேச்சும். குறை என்னிடம்தான் என்று நம்பினேன்.

என் பாடம், காற்று இடத்தை அடைக்கும் என்பது. ஒரு கண்ணாடி டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணித்து, டம்ளரைக் கவிழ்த்து, நேராக வாளித் தண்ணீருக்குள் அமுக்கவேண்டும். உள்ளே காற்று இருப்பதால் தண்ணீர் ஏறாது, காகிதம் நனையாது. வீட்டில் செய்து பார்த்து, செய்து பார்த்து, அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்தேன்.

நான் சேர்ந்த பிறகு எங்கள் பள்ளியில் அதுதான் முதல் விமர்சனப் பாடம். அந்தச் சனிக்கிழமை காலை, மற்ற மூன்று தலைமையாசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு, குதிரை பூட்டிய ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றது. சத்தம் கேட்டதும் என் வகுப்பில் பாதிப் பேர் எழுந்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. மூலைக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த கொட்டாங்கச்சிகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, வரிசையாகப் பின்வாசலை நோக்கி நடந்தார்கள். அந்தக் கொட்டாங்கச்சிகள் எதற்கு என்று நான் அதுவரை கேட்டதே இல்லை.

"எங்கே போறீங்க?" என்றேன்.

மீன் காயவைப்பவளின் மகள் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் அதிகம் வாயாடுகிறவள் அவள்தான். "தோட்ட வேலைக்கு டீச்சர். பெரிய டீச்சருங்கோ வந்துகினு கீறாங்கோ இல்ல?" என்றாள். இதுகூடத் தெரியாதா உனக்கு என்கிற பார்வை.

முன்வாசல் வழியாக வேறு பிள்ளைகள் உள்ளே வந்து, காலியான இடங்களில் உட்கார்ந்தார்கள். எண்ணெய் வைத்த தலை, வெளுத்த உடை. முன்வரிசையில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண். அவளை எனக்குத் தெரியும். போன மாதம் திருவொற்றியூரில் எல்லாக் கேள்விக்கும் கை தூக்கியவள். அதற்கு முன் இன்னொரு பள்ளியிலும் அவளேதான். நான்கு பள்ளிகளும் தங்களுக்குள் பிள்ளைகளை இரவல் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்து வாடிப்போன வகுப்புகள் எல்லாம் இந்த ஒரே வகுப்புதான். ஊர் ஊராகப் போய்வருகிற வகுப்பு!

நான்கு தலைமையாசிரியர்களில் மூத்தவரை நாங்கள் பெரியம்மா என்போம். ஏற்பாட்டையே முன்னின்று நடத்தியவர். அவரிடம் போய், "என் பிள்ளைங்க பாதிப் பேர் வெளியே இருக்காங்கம்மா" என்றேன்.

"தெரியும்மா. உன் நல்லதுக்குத்தான்" என்றார். கோபமே இல்லாமல், அன்பாகத்தான் சொன்னார். "இது உனக்குத்தானே பரீட்சை? அந்தப் பிள்ளைங்களுக்கு இல்லையே. அதுங்க ஏதாவது உளறி வச்சா உன் வேலை இல்ல போகும்? போ, ஆரம்பி."

ஆரம்பித்தேன். டம்ளரைக் கையில் எடுத்தேன். தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகக்கூட இல்லை. "காகிதம் நனையாது!" என்று, மனப்பாடம் செய்து வைத்ததுபோல், இரவல் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். சிவப்பு ரிப்பன்காரி எழுந்து, "ஏனெனில் காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாடம் முடிந்துவிட்டது. பின்னால் தலைகள் மெச்சி ஆடின.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாளியைத் தூக்கினேன். டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக மணலுக்குப் போனேன்.

என் பிள்ளைகள் அங்கே வேலிக் கம்பங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. குழாயில் கொட்டாங்கச்சியில் பிடித்துவந்து, பட்டுப்போன மரக் கம்பத்தின் அடியில் ஊற்றுவது, மறுபடி போய்ப் பிடிப்பது. விளையாட்டாகக்கூடச் செய்யவில்லை. கருத்தாகச் செய்தார்கள்.

கூப்பிட்டு உட்காரவைத்தேன். டம்ளரைக் காட்டி, "உள்ளே இருக்கிற காகிதம் நனையுமா, நனையாதா?" என்று கேட்டேன்.

"நனைஞ்சி பூடும்!" என்றார்கள் எல்லாரும். சந்தேகமே இல்லாமல்.

அமுக்கினேன். வெளியே எடுத்தேன். காகிதத்தை வாயாடியிடம் கொடுத்தேன். தொட்டுப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "அய்ய! காஞ்சி கீது டீச்சர்! இன்னா பண்ணீங்கோ?" என்று அலறினாள். அப்புறம் டம்ளர் என் கைக்குத் திரும்பி வரவில்லை. ஆளாளுக்கு அமுக்கினார்கள். ஒருத்தன் கை நழுவி டம்ளர் சாய்ந்தது. குபுகுபுவென்று குமிழி வந்தது. காகிதம் நனைந்தது. ஏன் இப்போது மட்டும் நனைந்தது என்று சண்டையே போட்டார்கள். சண்டையின் நடுவில், "உள்ள இருந்த காத்து ஓடிப்பூட்ச்சிடா!" என்று ஒரு குரல் வந்தது. நான் சொல்லித்தரவில்லை. அவர்களாகக் கண்டுபிடித்தார்கள்.

தலைமையாசிரியர்கள் தாழ்வாரத்தின் நிழலிலேயே நின்றார்கள். மணலில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

பிறகு விமர்சனம். வகுப்பறையை விட்டு வெளியேறியது குற்றம். கொச்சைப் பேச்சைத் திருத்தாமல் விட்டது குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் கேள்விக்கே மாணவர்கள் அனைவரும் தவறான விடை சொன்னது குற்றம். தவறான விடை! நனையும் என்று நினைக்காத பிள்ளைக்கு நனையாததில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? விடை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பாடம் நடத்துவதற்கு ஆசிரியர் எதற்கு? இதை வாய்விட்டுக் கேட்டேன். பெரியம்மா, அடுத்த மாதம் தன் பள்ளியில் இன்னொரு முறை நடத்தலாம் என்றும், நல்ல பிள்ளைகளாகத் தானே பொறுக்கித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம், நடத்தினால் என் வகுப்போடுதான் என்றேன். ஜூன் மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின. அதற்காக நான் வருந்தியதில்லை. வருத்தம் வேறு.

விமர்சனம் முடிந்து நான் மணலுக்குத் திரும்பியபோது பிள்ளைகள் இன்னும் வாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சுட்டது. "வாங்க, எல்லாரும் உள்ளே போகலாம்" என்றேன். படி வரைக்கும் வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

வாயாடி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "அவங்கோ பூட்டாங்களா டீச்சர்?"

"இல்ல. இருந்தா என்ன? நம்ம வகுப்புதானே? வாங்க."

"அய்ய, வாணாம் டீச்சர்." பயந்து சொல்லவில்லை. எனக்கு ஏதோ வழக்கம் தெரியவில்லை என்று, எடுத்துச் சொல்லும் குரலில் சொன்னாள். "வண்டி போவட்டும்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் டம்ளருக்காக என்னிடமே மல்லுக்கு நின்றவள்.

ஜட்கா கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் படியேறினார்கள். இரவல் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்த இடங்களில் போய் உட்கார்வதற்கு முன், ஒவ்வொருவராக மூலைக்குப் போய், கொட்டாங்கச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, அடுத்து வண்டி வரப்போகிற சனிக்கிழமைக்குக் கைக்கு எட்டுகிறபடி, அழகாக அடுக்கி வைத்தார்கள்.